பீல் நகரத்து நடிகையும் நானும்

நான் படம் பார்க்கிற ஆள் இல்லை. ஊரில் இருந்த காலத்திலேயே சினிமா என்றால் எனக்குத் தலையிடி. அக்காமார் விழுந்தடித்துக்கொண்டு மட்னி ஷோவுக்கு ஓடும்போது நான் வீட்டில் பாயை விரித்துப் படுத்துவிடுவேன். அப்படிப்பட்ட என்னைப் பார்த்துத்தான் போன கிழமை ஒரு பிள்ளை கேட்டாள்.

"அன்ரி, நீங்கள் ஒரு பெரிய நடிகையைப் பராமரிச்சனீங்களாம், உண்மையோ?"

நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியோர் இல்லத்தில் இப்போது வேலை பழகுகிற பிள்ளை அவள். இங்கே சுவிசிலேயே பிறந்தவள். ஆட்களைக் கட்டிலிலிருந்து தூக்குகிற புது மெசின் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று எங்களைப் போன்ற பழைய ஆட்களைக் கோப்பிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். மெசின் நல்ல மெசின். ஏணையில் பிள்ளையைத் தூக்குவதுபோலத் தூக்குகிறது. எனக்கு அதன்மேல் ஒரு கோபமும் இல்லை. இருபது வருசத்துக்கு முன்னர் வந்திருந்தால் குனிந்து தூக்கி நொந்த என் நாரிக்கு எவ்வளவு புண்ணியமாய் இருந்திருக்கும் என்றுதான் நினைத்தேன்.

"ஓம், உண்மைதான். ஆனால் அவ நடிகை எண்டு தெரியாமலேதான் கனகாலம் குளிக்க வார்த்தனான்" என்றேன்.

"ஐயோ அன்ரி, இதை எழுதுங்கோவன்!"

எழுதுகிறேன்.

எனக்கு முன்னர் என் கணவர் சுவிசுக்கு வந்துவிட்டார். பீலில் மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. நான் வந்து முதலில் ஹொட்டேல் குசினியில் சட்டி கழுவினேன். பிறகு இந்த இல்லத்தில் நிலம் துடைத்தேன். துடைக்கிற நேரத்தில் ஒரு கிழவருக்குத் தலையணையைச் சரிசெய்து விட்டதைத் தலைமைத் தாதி ஃபிராவ் குன்ஸ் கண்டுவிட்டார். திருமதி என்பதை இங்கே ஃபிராவ் என்பார்கள். "துடைப்பத்தை வையுங்கோ, குர்சுக்குப் போங்கோ" என்றார். அந்தப் பராமரிப்புக் குர்சை எப்படிப் படித்து முடித்தேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். அகராதியும் அழுகையுமாய் ஒரு குளிர்காலம் போனது, அவ்வளவுதான்.

உண்மையான படிப்பு ஃபிராவ் குன்ஸிடம்தான் நடந்தது. நெடுத்த, மெலிந்த மனுசி. மயிரை ஆண்பிள்ளைபோல் கட்டையாக வெட்டியிருப்பார். "நல்லது" என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வெறுமையாய் இருக்கிற அறைக்குள் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். சப்பாத்தைக் கழற்றுவார். கட்டிலில் ஏறிப் படுப்பார். "நான் இப்ப நோயாளி. என்னைக் கழுவுங்கோ" என்பார். சொன்ன கையோடு உடம்பை அரிசி மூட்டைபோல் கனக்க விட்டுவிடுவார். என் கை குளிர்ந்திருந்தால் உதறுவார். சொல்லாமல் போர்வையை இழுத்தால் கத்துவார். சத்தியமாக நான் பார்த்த முதல் நடிகை அவர்தான்.

பிறகு என்னைப் படுக்க வைத்துத் தானே கஞ்சி தீத்துவார். ஒன்றும் சொல்லாமல் கரண்டி பல்லில் வந்து இடிக்கும். விழுங்குவதற்குள் அடுத்த கரண்டி வரும். எனக்குப் புரையேறிக் கண்ணால் தண்ணீர் ஓடும்.

"இப்ப விளங்குதோ? முதல் சொல்லுங்கோ. பிறகு பொறுங்கோ. அதுக்குப் பிறகுதான் தொடுங்கோ."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "அந்த மனிசிக்கு முழு விசரப்பா" என்று என் கணவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"விசரெண்டாலும் உமக்கு வேலை பழக்குதே, பேசாமல் இரும்" என்றார் அவர். கோபத்தில் அன்றைக்கு அவருக்குக் கறி சூடாக்கிக் கொடுக்கவில்லை. இப்போது நினைத்தால் ஃபிராவ் குன்ஸ் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிடத் தோன்றுகிறது. என் கை பட்டவர்கள் ஒருவரும் திடுக்கிடவில்லை என்றால் அது அவர் போட்ட பிச்சை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில்தான் ஃபிராவ் மார்த்தி எங்கள் மாடிக்கு வந்தார். யப்பான்காரி. பீலைச் சேர்ந்த மணிக்கூட்டு வியாபாரி ஒருவரைக் கலியாணம் செய்து வந்து, அவரும் செத்துப்போய், பிள்ளையும் இல்லாமல் தனியாக இருந்தவர். பாரிசவாதம் இடது பக்கத்தை அடித்துவிட்டது. இடது கை துணிபோலத் தொங்கும். இடது கால் நினைத்தால் நிற்கும், நினைக்காவிட்டால் மடங்கும். பேச்சு மெதுவானதே தவிரப் பிழையில்லை.

இரண்டு பேரும் கதைத்தது ஜெர்மன்தான். அவருடையதும் உடைசல், என்னுடையதும் உடைசல். ஆனபடியால் ஒருவருக்கு மற்றவரைப் பார்த்து வெட்கம் இருக்கவில்லை. அந்தக் கதைகளை நான் எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன். என் மனதில் அவர் அப்படித்தான் கதைக்கிறார்.

ஒரு நாள் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் வந்தார். பீலில் இருந்த திரைப்படக் கழகத்தை நடத்துகிறவர், பெயர் ரொசெல். "ஸாயோ அம்மையாரைப் பார்க்க வேண்டும்" என்றார். அப்படி ஒருவரும் இங்கே இல்லை என்றேன். அவர் பைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினார். ரயில் மேடையில் ஒரு இளம்பெண் யப்பான் அங்கியான கிமோனோவோடு நிற்கிறாள். முகம் பாதிதான் தெரிகிறது, மிச்சமெல்லாம் முதுகு. முகத்தைப் பார்த்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் காதுக்குக் கீழே கழுத்தில் ஒரு மச்சம் இருந்தது. அந்தக் கழுத்தை நான் அன்று காலையிலும் கழுவியிருந்தேன்.

ஸாயோ என்பது அவரது திரைப்பெயர். யப்பானில் ஒரு காலத்தில் அந்தப் பெயரைத் தெரியாத வீடு இல்லையாம். அவர் நடித்த படங்களில் ஒன்றை ஸ்டேசனுக்குப் பக்கத்திலிருக்கிற தியேட்டரில் காட்டப்போகிறோம், அவரே வந்து முன்வரிசையில் இருந்தால் எங்களுக்குப் பெரிய கௌரவம் என்று ரொசெல் உருகினார். சக்கர நாற்காலிக்கு வழி செய்து தருவதாகவும் சொன்னார்.

ஃபிராவ் மார்த்தி மரியாதையாய்ச் சிரித்துவிட்டு, "ஏலாது" என்றார். ரொசெல் வாடிய முகத்தோடு போனார்.

அதற்குப் பிறகுதான் காலையில் மேல் கழுவுகிற நேரங்களில் கதை கொஞ்சம் கொஞ்சமாய் வெளியே வந்தது. துறைமுக ஊரொன்றில் பிறந்தவர். யுத்தம் முடிந்த கையோடு, சாப்பாடு போடுவார்கள் என்று கேள்விப்பட்டு ஸ்ரூடியோ வாசலில் போய் நின்றாராம். அவரைப் பெரிய ஆளாக்கிய டைரக்டர் அழுகிற காட்சிகளில் முகத்தைக் காட்டவே விடமாட்டாராம்.

"'முகத்தாலை ஆரும் அழுவினம், நீ முதுகாலை அழு' எண்டுவார். காலமையிலிருந்து மத்தியானம் மட்டும் ஒரு படிக்கட்டாலை இறங்கினன். ஏன் பிழை எண்டு சொல்லவே மாட்டார். திரும்ப, திரும்ப எண்டு மட்டும் சொல்லுவார்."

"எனக்கும் அப்பிடி ஒராள் இருக்கிறா" என்று நான் கதவுப் பக்கம் கண்ணைக் காட்டினேன். ஃபிராவ் மார்த்திக்கு உடனே விளங்கிவிட்டது. உதட்டின் வலது பக்கம் மட்டும் சிரித்தது.

பேரும் புகழும் உச்சத்தில் இருந்தபோது மணிக்கூடு விற்க வந்த சுவிஸ்காரரை அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. படக்கொம்பனி முதலாளி கொதித்தாராம். "ஒரு வருசத்திலை உன்னை ஒருத்தருக்கும் தெரியாமல் போகும்" என்றாராம்.

"அவர் சொன்னது பிழை. ஆறு மாசமே போதுமாயிருந்தது" என்றார் ஃபிராவ் மார்த்தி. "இஞ்சை வந்து சந்தையிலை நிம்மதியாய் உருளைக்கிழங்கு வாங்கினன். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லை. அந்தச் சுகம் உங்களுக்கு விளங்காது."

"அப்ப ஏன் தியேட்டருக்குப் போகப் பயப்பிடுறீங்கள்? அங்கையும் ஆரும் பார்க்கமாட்டினம்" என்று நான் பகிடியாய்க் கேட்டேன்.

அவர் காரணத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் படம் முதல்நாள் ஓடும்போது நடிகர்கள் திரைக்கு முன்னால் வந்து நின்று சனங்களைக் குனிந்து கும்பிடுவார்களாம். அது ஒரு வழமை. அவருடைய கடைசிப் படத்துக்கு அவர் வரக்கூடாது என்று முதலாளி தடுத்துவிட்டார். அத்தனை வருசம் தன்னைச் சுமந்த சனங்களுக்கு நன்றி சொல்லாமலே கப்பல் ஏறிவிட்டார். ரொசெல் காட்டப்போவது அந்தக் கடைசிப் படம்.

"இருந்துகொண்டு கும்பிடேலாது. நிண்டு குனியோணும். நான் நிக்கலாமோ, ஃபிராவ் சிவா?"

ஃபிராவ் குன்ஸிடம் போனேன். டொக்டர் சக்கர நாற்காலியில் என்றால் மட்டும்தான் போகலாம் என்று சொல்லியிருந்தார். ஃபிராவ் குன்ஸ் சுவரைப் பார்த்துக்கொண்டு யோசித்தார்.

"டொக்டரோடை நான் கதைக்கிறன். நீங்கள் ஒவ்வொரு நாளும் காலமை அவவை எழுப்பி நிப்பாட்டிப் பழக்குங்கோ. விழுந்தா எண்டால் இடுப்பு முறியும். இந்த வயசிலை இடுப்பு முறிஞ்சால் அதோடை சரி. அது உங்களுக்குத் தெரியும்தானே?"

தெரியும். அதனால்தான் பயந்தேன்.

ஒருவரை எழுப்பி நிற்க வைப்பது தூக்குகிற வேலை இல்லை. இதைத்தான் அந்த மெசினைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு நின்ற பிள்ளைகளுக்கும் சொன்னேன். கதிரையின் விளிம்புக்கு ஆளைக் கொண்டுவர வேண்டும். இரண்டு பாதமும் முழங்காலுக்குச் சற்றுப் பின்னே போக வேண்டும். பலமில்லாத முழங்காலுக்கு முன்னால் என் முழங்காலை முட்டுக்கொடுக்க வேண்டும். பிறகு அவர் முன்னுக்குச் சாய வேண்டும், மூக்கு கால்விரலுக்கு மேலே வருமட்டும். பயந்த ஆள் பின்னுக்குத்தான் சாயும். பின்னுக்குச் சாய்ந்தால் பயில்வான் வந்தாலும் எழுப்ப முடியாது. முன்னுக்குச் சாய்ந்தால் பின்பக்கம் தன்பாட்டில் கிளம்பும்.

ஃபிராவ் மார்த்தி அதைக் கெதியாகப் பிடித்துக்கொண்டார். எழும்புவார். நிற்பார். ஆனால் உடம்பு மெல்ல மெல்ல இடது பக்கம் சரியும். தண்ணீர் குடித்துவிட்டு, "திரும்பவும்" என்பார். மார்கழிப் பனியில் எனக்கு வேர்த்து வழியும். அவருக்கு ஒரு சலிப்பும் இல்லை. அந்தப் படிக்கட்டு டைரக்டரை நான் மனதுக்குள் நன்றாகத் திட்டினேன், பிறகு நன்றியும் சொன்னேன்.

நாள் நெருங்கியபோது உடுப்பு என்ற கேள்வி வந்தது. அலுமாரிக்கு மேலே ஒரு பெட்டிக்குள் சாம்பல்நீலக் கிமோனோ இருந்தது. எனக்கு அதைக் கண்டதும் வாயெல்லாம் பல். ஏனென்றால் சனி ஞாயிறுகளில் எனக்கு இன்னொரு வேலை இருந்தது. எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்குப் பொம்பிளைக்குச் சீலை உடுத்தி வெளிக்கிடுத்துவது. ஓர்லிகோன் வரைக்கும் கைப்பை நிறைய ஊசியோடு ரயில் ஏறிப் போய்வருவேன். காஞ்சிபுரத்தையே கண்ணை மூடிக்கொண்டு உடுத்துகிறவளுக்கு இதென்ன பெரிய வேலை?

அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. கட்டில் விளிம்பில் இருத்தி, கிமோனோவுக்குள் கையைப் போட்டு, என் முழங்காலால் முட்டுக்கொடுத்து எழுப்பினேன். துணி நீளமாய்க் காலுக்குக் கீழே கிடந்தது. என் கை தன்பாட்டில் அதைப் பிடித்து மடித்து மடித்து, சீலைக்கு வைப்பதுபோல அழகாகக் கொய்யகம் வைத்து இடுப்பில் செருகிவிட்டது. நிமிர்ந்து பார்த்தேன். ஃபிராவ் மார்த்தி குனிந்து தன் முன்பக்கத்தைப் பார்த்தார். பாரிசவாதம் வந்த பிறகு அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன். சிரித்த சிரிப்பில் இரண்டு பேரும் கட்டிலில் விழப்பார்த்தோம்.

கொய்யகத்தை இழுத்துவிட்டுத் திரும்ப மூடினேன். இல்லத்தில் கிழவிகளுக்கு நாள்தோறும் போடுகிற கவுண்போல, வலது பக்கத் துணியை இடதுக்கு மேலே கொண்டுவந்தேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

"இது செத்த ஆக்களுக்கு மூடுற விதம். இருக்கிற ஆக்களுக்கு இடதுதான் மேலை."

கலியாணப் பொம்பிளைக்குக் குங்குமச் சிமிழ் கைதவறி விழுந்தாலே நாங்கள் அன்று முழுக்க மனம் அந்தரப்படுகிற சாதி. உயிரோடு நிற்கிற மனுசிக்கு, அதுவும் விழுந்தால் போச்சு என்று நிற்கிற மனுசிக்கு, நான் பிணத்தின் உடுப்பைப் போட்டிருக்கிறேன். கதிரையில் இருத்திவிட்டு, "வேண்டாம், நாங்கள் போகவேண்டாம்" என்று அழத் தொடங்கிவிட்டேன்.

அவர் வலது கையால் என் முழங்கையைத் தட்டினார்.

"அழாதேங்கோ. என்ரை முதல் வேசம் என்ன தெரியுமோ? பிணம். ஸ்ரூடியோ வாசலிலை நிண்ட என்னைக் கூட்டிக்கொண்டு போய் இப்பிடித்தான் மூடிப் படுக்க வைச்சவை. மூச்சு விடாமல் நல்லாய்க் கிடந்தன் எண்டு அடுத்த படத்துக்கும் கூப்பிட்டவை. எனக்கு இது நல்ல சகுனம். சரி, கழட்டிப்போட்டுத் திரும்ப."

கழற்றிப்போட்டுத் திரும்பக் கட்டினோம். அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கடைசியில் அகலமான இடுப்புப் பட்டை. கலியாணச் சீலையை இறுக்குகிற என் இறுக்கு அதில் நன்றாகப் பலித்தது. கட்டி முடித்து எழுப்பினால், ஃபிராவ் மார்த்தி இடது பக்கம் சரியவில்லை! அந்தப் பட்டை உடம்பை நாலு பக்கமும் பிடித்துக்கொண்டு நின்றது. கதவில் நின்று பார்த்த ஃபிராவ் குன்ஸ், "இதை ஏன் முதலே கட்டேல்லை?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவரிடம் அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரம். சனம் வருவதற்கு முன்பே பக்கத்துக் கதவால் உள்ளே கொண்டுபோய், முன்வரிசையில் சக்கரமில்லாத சாதாரணக் கதிரை ஒன்றில் இருத்தினோம். சக்கர நாற்காலியைத் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளித்தோம். ஃபிராவ் குன்ஸ் இரண்டாம் வரிசையில் இருந்தார். என் கணவர் கலியாணக் கோட்டோடு கடைசி வரிசையில் இருந்தார். நான் அந்த நாளைக்கென்று வைத்திருந்த பச்சைச் சீலையை உடுத்தியிருந்தேன்.

"நான் நிண்ட பிறகு நீங்கள் விலகோணும். படத்துக்குள்ளை வரக்கூடாது" என்று ஃபிராவ் மார்த்தி எனக்குக் கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தார்.

ரொசெல் பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் மாறி மாறி நீளமாய்ப் பேசி முடித்தார். நான் முழங்காலை முட்டுக்கொடுத்தேன். மூக்கு கால்விரலுக்கு மேலே வந்தது. எழும்பினார். சனத்தைப் பார்த்துத் திரும்பினோம். நான் கையை எடுத்துவிட்டு இரண்டடி விலகினேன். நின்றார். ஒரு பிடிமானமும் இல்லாமல், ரயில் மேடையில் நிற்கிற அந்தப் பெண்ணைப்போலவே நின்றார்.

பிறகு குனிந்தார்.

குனிவதை நாங்கள் பழகியிருந்தோம். தலையைக் கொஞ்சம் சாய்த்து நிமிர்வதாகத்தான் பேச்சு. ஆனால் அன்றைக்கு அவர் இடுப்பு மடியக் குனிந்தார். அத்தனை வருசம் சொல்லாததை எல்லாம் சொல்லுகிறவர்போலக் குனிந்தார். சனம் கைதட்டத் தொடங்கியது. அவர் நிமிரவில்லை. இன்னும் பலமாய்க் கைதட்டினார்கள். நிமிரவில்லை. எல்லோரும் அது மரியாதை என்று நினைத்தார்கள். நான் கிமோனோவின் கீழ்க்கரையைப் பார்த்தேன். இடது முழங்காலுக்கு நேரே துணி நடுங்கிக்கொண்டிருந்தது. அவரால் நிமிர முடியவில்லை.

பாய்ந்து இடுப்பில் பிடித்தால் விழாமல் காப்பாற்றலாம். ஆனால் அத்தனை பேருக்கும் முன்னால் அவர் ஒரு நோயாளியாகிவிடுவார். அதற்காக இவ்வளவு தூரம் வரவில்லை. பிடிக்காவிட்டால் அடுத்த மூச்சில் முழங்கால் மடங்கும்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். என் உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. இரண்டடி முன்னால் போய், அவருக்கு முன்னால் முழந்தாளிட்டு, பெரியவர்களின் காலில் விழுந்து கும்பிடுவதுபோல விழுந்தேன். விழுந்த வேகத்தில் ஒரு கையால் அவரது குதிக்காலை வழுக்காமல் பிடித்தேன். மற்றக் கையின் உள்ளங்கையை அந்த முழங்காலில் வைத்துப் பலத்தையெல்லாம் திரட்டிப் பின்னுக்குத் தள்ளினேன். அவருக்கு விளங்கிவிட்டது. நல்ல கை என் தலையில் வந்து இறங்கியது. தலையை ஊன்றி, மெல்ல, மெல்ல நிமிர்ந்தார். முழங்கால் என் உள்ளங்கைக்குள் பூட்டிக்கொண்டதை உணர்ந்தேன்.

சனம் எழும்பி நின்று கைதட்டியது. ஆசியாவின் அழகான ஆசீர்வாத வழக்கம் என்று பிறகு உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார்களாம். ஃபிராவ் குன்ஸ் மட்டும் அடுத்த நாள் என்னை ஒரு பக்கமாய்க் கூப்பிட்டு, "அது என்ன பிடி? என்ரை புத்தகத்திலை இல்லையே" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பிடி என்றேன். செய்து காட்டச் சொன்னார். அந்த நெடுத்த மனுசியின் காலிலும் விழுந்து காட்டினேன். அது நான் அவருக்குக் கடன்பட்டிருந்த கும்பிடுதான்.

ஆனால் அன்று தியேட்டரில் இன்னொன்று நடந்தது. அது சனத்துக்கும் தெரியாது, ஃபிராவ் குன்ஸுக்கும் தெரியாது. ஃபிராவ் மார்த்தி நேராய் நிமிர்ந்து, முழங்கால் பூட்டி, அசையாமல் நின்றுவிட்டார். இனி அவருக்கு என் தலை தேவையில்லை. நான் கையை எடுக்க ஆயத்தமாய் இருந்தேன். அவருடைய கை மட்டும் தலையிலேயே இருந்தது. பாரம் இல்லை, ஊன்றவில்லை. சும்மா, என் மயிரின்மேல் இருந்தது.

"நான் நிக்கிறன்" என்றார் மெதுவாக. "நீங்கள் எழும்புங்கோ."

எனக்குத்தான் உடனே எழும்ப முடியவில்லை.